அடுத்த மாடல் வரட்டும் என்கிறவர்களிடம் ஒரு வயர்மேன்

மின்சாரக் கார் பற்றி என்னிடம் பேச வருகிறவர்கள் காரைப் பற்றியேதான் கேட்கிறார்கள். அடுத்த மாடலில் பேட்டரி பெரிதாமே, விலை இன்னும் இறங்குமாமே, இப்போதே எடுத்துவிடலாமா, வருஷக் கடைசி வரை பொறுத்துப் பார்க்கலாமா? நான் கார் விற்பவன் இல்லை. கிள்ளானில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். மின்சாரத் துறையை மேற்பார்க்கும் சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த வயர்மேன் சான்றிதழை வைத்துக்கொண்டு காப்பாரிலிருந்து பண்டமாரான் வரை ஏணியும் டிரில்லுமாக அலைகிறவன். சில வருஷங்களாக என் வேலையில் ஒரு பங்கு, கார் நிறுத்தும் முகப்பில் சார்ஜர் பெட்டி மாட்டுவது. அதனால் இந்தக் கேள்வி என் பக்கம் வருகிறது.

கார் வந்த பிறகுதான் பலருக்கு என் ஞாபகம் வரும். ஸ்காட் சாலை கந்தசாமி கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய மறுநாள் காலையில் போன்: "அண்ணே, சார்ஜர் எப்ப மாட்டிக் குடுப்பீங்க?" எந்த மாடல் என்று ஒரு வருஷம் யோசித்திருப்பார்கள். வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியை ஒரு நிமிஷம்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

புது மாடலுக்காகப் பொறுத்திருக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சாகாவிடமிருந்து. 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவின் உடம்பு 2008 வரை விற்பனையில் இருந்தது. முன்விளக்கு மாறும், பம்பர் மாறும், பெயரோடு ஈஸ்வரா சேரும். அடியில் அதே கார்தான். அந்தக் காலத்தில் "புது மாடல் வருது" என்றால் அது ஊர்ச் செய்தி. காத்திருந்து வாங்கியவர் பத்து வருஷம் புதுக்கார்க்காரராகவே இருந்தார். பெரோடுவா மைவிகூட 2005, 2011, 2017 என்று ஆறு வருஷத்துக்கு ஒருமுறைதான் தலைமுறை மாறியது.

மின்சாரக் காரில் அந்தக் கணக்கு செல்லாது. டெஸ்லா மாடல் ஒய் மலேசியாவில் 2023 ஜூலையில் 199,000 வெள்ளிக்கு அறிமுகமானது. 2025 ஜனவரியில் முகம் மாறிய மாடல் ஒய் வந்துவிட்டது. முதல் ஆளின் கடனில் இரண்டு வருஷம்கூடக் கழியவில்லை. பிஒய்டி ஆட்டோ 3, 2022 டிசம்பரில் இங்கே இறங்கியபோது ஆகக் குறைந்த விலை 149,800. மூன்று வருஷம்கூட முடியாமல், 2025 அக்டோபரில் புரோட்டோன் இ.மாஸ் 5-ஐ 59,800 வெள்ளிக்கு விலை அறிவித்தார்கள். அது சின்னக் கார், பேட்டரியும் சின்னது, ஆட்டோ 3-உடன் நேராக ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மின்சாரக் கார் வேணும், எது மலிவு?" என்று கேட்பவருக்குப் பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆக, எந்த மாதம் வாங்கினாலும் அடுத்த ஆறு மாதத்தில் ஏதோ ஒன்று உங்கள் காரைப் பழசாக்கும். இது காத்திருந்து தப்பிக்கக்கூடிய சங்கதி இல்லை. புது மாடலுக்காக நின்றவர், அது வந்ததும் அதற்கடுத்த மாடலின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு மறுபடி நிற்பார். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற என் மைத்துனர் இப்படி நிற்பவர்களில் ஒருவர். முதலில் ஆட்டோ 3, பிறகு இ.மாஸ் 7, இப்போது பெரோடுவா. ஒவ்வொன்றும் வரும்போது அவருக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் கண்ணில் படும்.

காத்திருப்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். போய்வர 70, மாதம் 22 நாள் வேலை என்றால் 1,540 கிலோமீட்டர். ஒரு மைவி நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். மாதம் நூறு லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 மானியத் திட்டத்தில் மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி என்று ஆனது. ஆக 199 வெள்ளி.

அதே தூரத்துக்கு மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து சுமார் 246 யூனிட் இழுக்கும். 2025 ஜூலையில் மாறிய தெனாகா மின்கட்டணத்தில் சாதாரண வீட்டுக்கு எனர்ஜி 27.03 சென், கெப்பாசிட்டி 4.55 சென், நெட்வொர்க் 12.85 சென், மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். 246 யூனிட்டுக்கு 109 வெள்ளி. ஆனால் இங்கே ஒரு கொக்கி இருக்கிறது, கார் விற்பவர் சொல்லமாட்டார். ஏற்கெனவே ஏர்கண்டிஷனும் தண்ணீர்ச் சூடேற்றியும் ஓடுகிற வீடு, கார் வந்ததும் 600 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் மாதம் பத்து வெள்ளி ரீட்டெயில் கட்டணம் சேரும், தாண்டிய யூனிட்டுகளுக்குச் சேவை வரி சேரும், சிக்கனமாகப் பயன்படுத்தியதற்குக் கிடைத்த கழிவும் குறையும். 125 வெள்ளி என்று வைத்துக்கொள்வதே நேர்மை. மிச்சம் மாதம் 75 வெள்ளி. வருஷத்துக்குத் தொள்ளாயிரம், என்ஜின் ஆயில், சர்வீஸ் மிச்சத்தையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

ஒரு வருஷம் பொறுத்தால் நீங்கள் இழப்பது இவ்வளவுதான். ஐரோப்பாவில் பெட்ரோல் விற்கிற விலைக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். நம் நாட்டில் அரசாங்கம் மானியம் கொடுக்கும்வரை பெட்ரோல் கார் நல்ல நிலையில் ஓடுகிறவருக்கு எந்த அவசரமும் இல்லை. அவர் காத்திருக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டு போகட்டும். வீட்டில் நல்ல மைவி நிற்கும்போது வாரக் கடைசியெல்லாம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

கார் படுத்துவிட்டது, கியர்பாக்ஸுக்கு மெக்கானிக் ஐயாயிரம் கேட்கிறார் என்றால் விஷயம் வேறு. அங்கே காத்திருப்பதுதான் நஷ்டம். அடுத்த மாடலுக்காக ஒரு பழைய காரில் ஐயாயிரம் போடுவது, ஐந்து வருஷத்து மிச்சத்தை மெக்கானிக்கிடம் முன்பணமாகக் கொடுப்பது. அவர் இன்று கடையில் இருப்பதில் தனக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் நாளைக் குறிப்பது தஞ்சோங் மாலிமில் இருக்கிற புரோட்டோன் தொழிற்சாலை இல்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார்.

வரியை வைத்து அவசரப்படுத்தியதையும் சொல்ல வேண்டும். முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு இருந்த இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. சாலை வரி விலக்கும் அதே நாளில் முடிந்து, 2026 ஜனவரியிலிருந்து மோட்டாரின் கிலோவாட்டை வைத்துக் கணக்கு. அந்த டிசம்பர் முழுக்க "இப்ப விட்டா போச்சு" என்ற பேச்சுதான். எனக்கு ஓய்வே இல்லை, ஒரே நாளில் மூன்று வீடு. ஆனால் முன்கூட்டியே இறக்கி வைத்த சரக்கைப் புது வருஷத்திலும் பழைய விலைக்கே விற்றவர்கள் இருந்தார்கள். தேதியைக் காட்டி விற்பது பழைய வித்தை. இங்கேயே பாகங்களைப் பூட்டித் தயாரிக்கும் மின்சாரக் கார்களுக்கு விலக்கு 2027 டிசம்பர் 31 வரை இருக்கிறது. காலண்டரில் குறித்துவைக்கத் தகுந்த தேதி என்றால் அது ஒன்றுதான்; அதற்கும் பதற்றம் வேண்டாம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கு முழுவதும் வீட்டில் சார்ஜ் செய்கிறவருக்கு. வீட்டில் முடியாமல் பொது இடத்து வேகச் சார்ஜரையே நம்பி ஓட்டுகிறவருக்கு யூனிட் 1.20-இலிருந்து 1.60 வெள்ளி வரை போகிறது. அதே 246 யூனிட்டுக்கு 295 முதல் 390 வெள்ளி. மைவியின் 199-ஐ விட அதிகம்! சாக்கெட் இல்லாதவருக்கு மின்சாரக் கார் மிச்சம் பிடிக்காது, செலவுதான் வைக்கும். எந்தப் புது மாடலும் இதை மாற்றாது. ஐநூறு கிலோமீட்டர் ஓடுகிற பேட்டரி வந்தாலும் அதை நிரப்புகிற யூனிட்டின் விலை அதேதான். அரசாங்கம் 2025-க்குள் பத்தாயிரம் பொதுச் சார்ஜர்கள் என்று இலக்கு வைத்தது, எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அது அவசரத்துக்குத்தான், தினசரிக்கு இல்லை.

கிள்ளானில் தாமான் வீடுகளில் நிலைமை பரவாயில்லை. முகப்பு இருக்கிறது, மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பழைய தாமான்களில் பல வீடுகள் சிங்கிள் பேஸ். ஏழு கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர்ச் சூடேற்றி கால் மணி நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். இது இரவு முழுக்க, விடாமல் இழுக்கும். மூன்று ஏர்கண்டிஷன் ஓடும் நேரத்தில் அதுவும் சேர்ந்தால் மெயின் சுவிட்ச் சூடாகும். நான் திறந்து பார்த்த சில டிபி பெட்டிகளில் எர்த் வயர் பெயருக்குத்தான் இருந்தது. கை வைத்தால் திருகு உதிர்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயரைச் சன்னல் வழியாக இழுத்து, பதின்மூன்று ஆம்பியர் பிளக்கில் காரை மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. பிளக் பழுப்பேறிய பிறகு கூப்பிடுவார்கள்.

செய்ய வேண்டியது எளிது. டிபி பெட்டியிலிருந்து சார்ஜருக்கென்று தனி வயர், தனி எம்சிபி, நேர்மின் கசிவையும் பிடிக்கிற ஆர்சிசிபி, சரியான எர்த். பாதை நீளத்தைப் பொறுத்து இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வெள்ளி ஆகும். வருமான வரியில் சார்ஜர் செலவுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு 2027 வரி ஆண்டு வரை உண்டு. காருக்கு முன்பே இதைச் செய்துவைத்தால் எந்த மாடல் வந்தாலும் அதே பெட்டிதான், அதே வயர்தான். மாடலைப் பற்றி முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்கள் இதை முதலில் முடித்துவிடலாம். வீட்டு எர்த் சரியாவது கார் இல்லாவிட்டாலும் நல்லதுதான்.

கடன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நம் ஆட்கள் ஒன்பது வருஷக் கடனை விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். மின்சாரக் கார் பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு வருஷம் அல்லது 160,000 கிலோமீட்டர் வாரண்டி. கடைசி வருஷத் தவணையை வாரண்டி இல்லாத பேட்டரிக்குக் கட்டுவீர்கள். அதை விட மோசம், விலை இறங்கும் வேகம். மூன்றாம் வருஷம் காரை விற்க நேர்ந்தால் வங்கிக்குத் தர வேண்டியது கையில் கிடைப்பதை விட அதிகமாக இருக்கும். முதல் வருஷங்களில் வாங்கிய சிலரின் முற்றத்தில் நின்று இந்தப் புலம்பலைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் முந்திவிட்டார்கள் என்பது பிரச்சினை இல்லை, நீட்டிவிட்டார்கள் என்பதுதான். ஐந்து வருஷத்தில் அடைக்க முடிகிற காரை வாங்கினால் அடுத்த மாடல் என்ன விலைக்கு வந்தாலும் தூக்கம் கெடாது.

பெரோடுவா இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 2025 டிசம்பர் 1-இல் அறிமுகமான கியூவி-இ, 80,000 வெள்ளி. பேட்டரி அதில் சேராது. பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது வருஷம். பெருக்கிப் பாருங்கள், 29,700. மொத்தம் 109,700. பேட்டரி கெட்டுப்போகுமே என்ற பயத்தை விலைக்கு விற்கிறார்கள் என்று என் நண்பர் ஒருவர் கிண்டலடித்தார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பேட்டரி பற்றிய கவலையை உரியவரிடமே விட்டுவிடலாம். ஆனால் மாதம் 275 என்பது முன்னே சொன்ன 75 வெள்ளி மிச்சத்தைப் பலமடங்கு விழுங்கிவிடும் என்று தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். கார் தவணையும் வாடகையும் தனித்தனித் தாளில் இருந்தாலும் சம்பளம் ஒன்றுதான்.

புதுக்கார் வாங்கவும் காத்திருக்கவும் மனசு வராதவர்களுக்கு மூன்றாவது ஒரு வழி உண்டு. கார் விற்பவர்கள் அதிகம் பேசாத வழி. 2022, 2023-இல் பதிவான மின்சாரக் கார்கள் இப்போது பழைய கார் சந்தைக்கு வருகின்றன. புதுக்காரின் விலை இறங்கியதால் இவையும் இறங்கிவிட்டன. முதல் ஆள் பட்ட நஷ்டம் இரண்டாவது ஆளுக்குக் கழிவு. எட்டு வருஷ வாரண்டியில் நாலைந்து வருஷம் மிச்சம்; அது பெயர் மாற்றினாலும் தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிள்ளான், ஷா ஆலம் பக்கத்துக் காராக இருந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வெள்ளத்தில் நின்றதா? 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை முழுகியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாமல் மூடப்பட்டது என்பார்கள், சரி. அதைச் சுற்றியுள்ள இணைப்புகளில் சேறு உலர்ந்து கிடந்தால் அந்தக் கார் எனக்கு வேண்டாம். புதுக்கார் வாங்குகிறவர்களும் இன்சூரன்ஸில் வெள்ளப் பாதுகாப்பைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது.

உண்மையில் காத்திருக்க வேண்டியவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறது. கொண்டோவாசிகள். என் மைத்துனரின் கட்டடம் ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து நடக்கும் தூரத்தில். கார் நிறுத்தம் நான்காவது மாடி, மீட்டர் அறை தரைத்தளம். அவருடைய நிறுத்துமிடம் அவர் பெயரில் இருந்தாலும் வயர் போகும் பாதை எல்லோருக்கும் பொதுவானது. 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தில் கை வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிர்வாகம் என்ன சொல்கிறது? தீ பயம் என்கிறது. கட்டடத்தின் மின்சாரக் கொள்ளளவு போதாது என்கிறது. மற்றவர்கள் ஏன் செலவைத் தாங்க வேண்டும் என்கிறது. மூன்றுக்கும் பதில் இருக்கிறது. எல்லாச் சார்ஜரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்காமல் இருக்கிற மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி உண்டு. பயன்படுத்துகிறவர் யூனிட்டுக்குக் காசு கட்டும் துணை மீட்டர் உண்டு. தீயணைப்புத் துறையைக் கேட்டு நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் யாராவது கேட்டால்தானே?

மைத்துனரிடம் அதைத்தான் சொன்னேன். "தம்பி, நீ பெரோடுவாவுக்குக் காத்திருக்கல. உன் கட்டடத்துக்குக் காத்திருக்க. அது தானா வராது."

"மாமா, அந்த வருஷக் கூட்டத்துக்கு நான் போனதே இல்லையே."

பெரும்பாலோர் போவதில்லை. ஐம்பது பேர் வந்து லிஃப்ட், குப்பை, நாய் என்று பேசிவிட்டு டீ குடித்துக் கலைகிற கூட்டம் அது. கிள்ளான்காரர்களாகிய நாங்களும் பொறுமைக்குப் பேர்போனவர்கள்தான். 2020-இல் ஓடும் என்று சொன்ன எல்ஆர்டி3 ரயில் ஜோஹான் செத்தியாவிலிருந்து எப்போது புறப்படும் என்று வருஷக்கணக்கில் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில் விஷயத்தில் எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கொண்டோ விஷயத்தில் அப்படி இல்லை. தீர்மானத்தை எழுத்தில் கொடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஓட்டும் உண்டு.

மைத்துனர் இப்போது தன் மாடியில் யார் யாருக்கு மின்சாரக் கார் ஆசை இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டு ஷாப்பிங் மாலில் சார்ஜ் செய்து அலுத்துப்போயிருக்கிறார்களாம், முதல் கையெழுத்து அவர்களுடையது. அந்தக் கட்டடத்தின் ஓராண்டு மின்சார பில்லும் மெயின் சுவிட்ச்போர்டு விவரமும் கிடைத்தால் எத்தனை சார்ஜர் தாங்கும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நானும் வருவேன், அனுமதித்தால். இதற்கிடையில் அவருடைய 2014 மைவிக்கு டைமிங் செயினிலிருந்து சத்தம் வருகிறது. அதை எண்ணூறு வெள்ளிக்குள் சரி செய்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்யச் சொல்லிவிட்டேன்.